முன் கார்புரேட்டரின் மூச்சு

என் அண்ணனுக்குச் சோறு போட்டது அவருடைய காது. கேலியாகச் சொல்லவில்லை. குடிநீர் வாரியத்தில் அவருக்கு வேலையே காது கொடுத்துக் கேட்பதுதான். தெருவுக்கு அடியில் குழாய் எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று மேலே நடப்பவர்களுக்குத் தெரியாது. நெஞ்சளவு உயரமுள்ள ஒரு இரும்புக் கம்பியைத் தரையில் ஊன்றி, அதன் மேல்முனையில் உள்ள மரக் குமிழில் காதை வைத்துக் கேட்க வேண்டும். கீழே ஒழுகல் இருந்தால் மெல்லியதாக ஒரு சீறல் வரும். பத்தடி தள்ளிப் போய் மறுபடி கேட்பார், பிறகு இரண்டடி பின்னால் வந்து கேட்பார். சீறல் எங்கே உரக்க வருகிறதோ அங்கே சாக்கட்டியால் ஒரு வட்டம் போடுவார். அந்த வட்டத்துக்குள் தோண்டினால் தண்ணீர் இருக்கும். இருபத்தெட்டு வருஷம் இருந்தது.

வாரியத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "காது எங்கப்பா? காதைக் கூப்பிடு" என்பார்கள். வீட்டுக்கு ஃபோன் வந்தாலும் "காது இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள். "இருக்கு, ரெண்டு இருக்கு, எது வேணும்?" என்று நான் பதில் சொல்லியிருக்கிறேன். அண்ணனுக்கு இதிலெல்லாம் கோபம் வந்ததில்லை. உள்ளூரப் பெருமைதான். குறிப்பேட்டில் எழுத வலது கை வேண்டும் என்பதால் கம்பியை எப்போதும் இடது கையில் பிடிப்பார், இடது காதில் வைப்பார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

நான் அவருக்கு ஏழு வயது இளையவள். மாடியில் குடியிருக்கிறேன். சோபா உறை, திரைச்சீலை தைத்துக் கொடுப்பது என் தொழில். கனத்த துணி தைக்கிற மிஷினை மாடிக்கு ஏற்ற முடியாததால் அது கீழே கார் ஷெட்டின் ஜன்னல் ஓரம் இருக்கிறது. ஆகவே அந்த ஷெட்டில் நடக்கும் எல்லாவற்றுக்கும், நான் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், சாட்சி நான்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோபம் அதைவிட நீளம். இரண்டையும் அடக்கிக்கொண்டு சொல்லப் பார்க்கிறேன்.

ஷெட்டின் மற்றப் பாதியில் இருப்பது கார். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, தரையோடு தரையாகக் கிடக்கிற, துணிக்கூரை போட்ட பழைய ஸ்போர்ட்ஸ் கார். அண்ணன் பிறப்பதற்கு ஒரு வருஷம் முன்னால் செய்தது. பதினொரு வருஷத்துக்கு முன்பு ஒரு லாரியின் முதுகில் ஏறி வீட்டுக்கு வந்தது. தானாக உருளக்கூட அதற்குத் திராணி இல்லை. கால் வைக்கிற இடத்தில் தகடு துருப்பிடித்துக் கொட்டிப்போய், சீட்டில் உட்கார்ந்தால் கீழே ரோடு தெரிந்தது. எட்டு வருஷம் லீவு நாளெல்லாம் அதன் அடியிலேயே கிடந்து அண்ணன் அதை எழுப்பி நிற்க வைத்தார். சீட்டும் கூரையும் நான் தைத்தது. ஆறு ஊசி உடைந்தது. "நல்லாத்தான் இருக்கு" என்று ஒரு வார்த்தையை அவர் வாயிலிருந்து பிடுங்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

அண்ணி அந்தக் காருக்கு வைத்த பெயர் சக்களத்தி. "சக்களத்திக்கு ஆயில் மாத்தியாச்சா? அப்ப சாப்பிட வரலாமில்ல?" என்பார். "அப்படின்னா எனக்கு அது சின்ன அண்ணி" என்று நான் ஒரு நாள் சொல்லி வைத்ததற்கு மூன்று நாள் எனக்கு டீ கிடைக்கவில்லை. அண்ணி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பதினாறு வருஷமாகக் காலையில் இரண்டு நடை, மாலையில் இரண்டு நடை. ஒரு கீறல் விழுந்ததில்லை. அப்படிப்பட்ட மனுஷியிடம் அண்ணன் இந்தக் காரின் சாவியை மட்டும் கொடுத்தது கிடையாது. கல்யாண வீடோ கடைத்தெருவோ, அண்ணி இடது சீட்டில், அண்ணன் ஸ்டியரிங்கில். வேலைக்குப் போகும்போது சாவியை ஷெட்டு ஆணியில் மாட்டிவிட்டு என்னைப் பார்த்து, "யாரும் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போவார்.

அந்த எஞ்சின் மூச்சுவிடுவது இரண்டு கார்புரேட்டர் வழியாக. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டும் ஒரே அளவு காற்றை இழுத்தால்தான் நான்கு சிலிண்டரும் கூடி வேலை செய்யும். ஒன்று அதிகமாக இழுத்தால் வண்டி மிஸ் அடிக்கும், உடம்பெல்லாம் உதறும். இதைச் சரிபார்க்க மற்ற மெக்கானிக்குகள் ஒரு ரப்பர் குழாயை ஒரே காதில் வைத்துக்கொண்டு முதலில் ஒன்றைக் கேட்பார்கள், அப்புறம் மற்றதைக் கேட்பார்கள். என் அண்ணனுக்கு அது போதாது. யாரோ டாக்டர் தூக்கிப் போட்ட ஸ்டெதஸ்கோப்பை வெட்டி, இரண்டு காதுக்கும் தனித்தனியாக இரண்டு நீளக் குழாய் மாட்டினார். காரின் இடது பக்கம் நின்று குனிந்தால் முன் கார்புரேட்டர் அவருக்கு இடது கைப்பக்கம், பின் கார்புரேட்டர் வலது கைப்பக்கம். முன்னதன் மூச்சு இடது காதுக்கு, பின்னதன் மூச்சு வலது காதுக்கு. இரண்டும் சமமாகும் வரை, காற்றைக் கூட்டிக் குறைக்கிற இரண்டு ஸ்க்ரூவையும் மாற்றி மாற்றித் திருகுவார்.

"ஒருத்தர் பேசி முடிச்சப்புறம் இன்னொருத்தர் பேசினா எப்படி ஒப்பிடறது? ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசணும். சத்தம் நடு மண்டையில வந்து உக்காரணும்" என்பார். மூன்று வருஷத்துக்கு முன்பு முதல் தடவை அப்படி உட்கார்ந்தபோது, என் மிஷின் பலகை மேலிருந்த டீ கிளாஸை எடுத்து ஓடுகிற எஞ்சின் மேலேயே வைத்துக் காட்டினார். டீ அசையவில்லை. டீ எனக்கு வைத்தது என்பது வேறு விஷயம்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்பு அந்த வண்டி மிஸ் அடிக்க ஆரம்பித்தது. அண்ணன் விடவில்லை. ஸ்பார்க் பிளக்கை மாற்றினார். பாயின்ட்டை மாற்றினார். வால்வு இடைவெளியை மூன்று தடவை அளந்தார். பெட்ரோலைத் திட்டினார், மழையைத் திட்டினார், என் தையல் மிஷின் அதிர்வில் ஸ்க்ரூ தளர்கிறது என்று என்னையும் திட்டினார். கழற்றி மாட்டிய ஒவ்வொரு தடவையும் கடைசியில் இரண்டு குழாயையும் காதில் மாட்டிக்கொண்டு, ஸ்க்ரூவைத் திருகி, "இப்ப ரெண்டும் ஒண்ணா இருக்கு" என்று நிமிர்வார். வண்டி குளிர்காய்ச்சல் வந்த மாதிரி நடுங்கிக்கொண்டே நிற்கும்.

அதே சமயம் வீட்டுக்குள்ளும் ஏதோ சரியில்லாமல் போனது. சாப்பாட்டு மேஜையில் அடுப்படிக்குப் பக்கமாக இருக்கும் நாற்காலி அண்ணியுடையது. அண்ணனுக்கு இடது பக்கம். அண்ணி ஏதாவது சொல்வார். அண்ணன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டே இருப்பார். "நான் என்ன சுவத்துகிட்டயா பேசறேன்?" என்று அண்ணி குரலை உயர்த்தினால் மட்டும் திடுக்கிட்டு, "என்ன, இப்ப என்ன?" என்பார். ஒரு நாள் நான் அங்கே இருந்தபோது அண்ணி மெதுவாக, ஏறக்குறைய வெட்கத்தோடு கேட்டார்: "ஏங்க, ஒரே ஒரு நாள் அந்தக் காரை நான் ஓட்டிப் பாக்கட்டுமா? சும்மா அந்த ஏரிக்கரை வரைக்கும்." அண்ணன் தண்ணீர் குடித்தார். எழுந்து கை கழுவப் போனார். முடியாது என்றுகூடச் சொல்லவில்லை. அண்ணி பாத்திரத்தைத் தொட்டியில் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். என்ன திமிர் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்குப் பிறகும் அண்ணி இரண்டு தடவை கேட்டதை நான் பார்த்தேன். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டார். அண்ணனோடு பேசுவதையே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டார்.

ஒரு திங்கட்கிழமை அண்ணன் வேலையிலிருந்து வந்து பையை ஷெட்டுக்குள்ளேயே வீசி எறிந்தார். அண்ணி வேனை நிறுத்திவிட்டு அப்போதுதான் உள்ளே வந்தார்.

"மூணு குழி" என்றார் அண்ணன். "இந்த ஆறு மாசத்துல மூணு குழி. மூணுலயும் காஞ்ச மண்ணு. இன்ஜினியர் கூப்பிட்டு, போய்க் காது டெஸ்ட் எடுத்துட்டு வாங்கறார். எனக்கு! இருபத்தெட்டு வருஷத்துக்கு அப்புறம் என் காதுக்கு டெஸ்ட்!"

"எடுத்தா என்ன குறைஞ்சு போச்சு?" என்றார் அண்ணி.

நல்லவேளையாக அண்ணி எதிரில் நின்றிருந்தார். அண்ணனுக்குக் காதில் விழுந்தது.

"எடுக்கறதுன்னா சந்தேகம்னு அர்த்தம். மண்ணு மாறியிருக்கு, குழாய் மாறியிருக்கு, ரோட்டுல லாரி கூடியிருக்கு. என் காது தப்பு சொல்லாது. அதான் சொல்லிட்டு வந்துட்டேன்."

சொல்லிவிட்டு வந்தது இதுதான். இன்ஜினியர் நல்ல மனுஷர், அவருக்கும் பழைய கார் பைத்தியம் உண்டு. கார்புரேட்டர் இழுக்கும் காற்றை ஊசி காட்டி அளக்கிற மீட்டர் ஒன்று அவரிடம் இருக்கிறது. அண்ணன் தன் காரின் இரண்டு கார்புரேட்டரையும் காதால் மட்டும் கேட்டுச் சரிசெய்து சனிக்கிழமை வாரியத்துக்கு ஓட்டிக்கொண்டு போக வேண்டும். மீட்டர் இரண்டிலும் ஒரே எண் காட்டினால் டெஸ்ட் என்ற பேச்சையே எடுக்கக்கூடாது. காட்டாவிட்டால் அண்ணன் கம்பியைக் கீழே வைத்துவிட்டு ஆபீசுக்குள் புகார் எழுதும் சீட்டில் போய் உட்கார வேண்டும்.

"இப்ப இருக்கிற லட்சணத்துல இந்தக் காரை வெச்சா பந்தயம் கட்டினே?" என்று நான் கேட்டேன்.

"அஞ்சு நாள் இருக்கு" என்றார்.

செவ்வாயும் புதனும் மாலை முழுக்க அந்தக் குழாயும் காதுமாக நின்றார். எனக்கு ஒரு பெரிய சோபா உறை வேலை இருந்தது. புகையிலும் நடுக்கத்திலும் என் தையல் கோணிக்கொண்டு போனது. புதன்கிழமை இரண்டு மணி நேரம் திருகிவிட்டு, "ரெண்டும் ஒண்ணா இருக்கு, ஆனா ஓட மாட்டேங்குதே" என்று அவர் சொன்னபோது குரல் உடைந்திருந்தது. அவ்வளவு பெரிய மனுஷர் அப்படி நின்றதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அதை மறைக்க, "புகையை முதல்ல நிறுத்து, எனக்குக் கண்ணு போயிடும்" என்று கத்தினேன்.

வியாழக்கிழமை மதியம் வீட்டில் யாரும் இல்லை. நான் ஆணியில் தொங்கிய சாவியைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் தைத்தேன். பதினொரு வருஷமாக அவர் செய்வதைப் பார்த்திருக்கிறேன். எந்த ஸ்க்ரூ எதற்கு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். மிஷின் ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்த நூல் தளர்ந்திருக்கிறது என்று சொல்கிறவள் நான். ஒரு தடவை கேட்டுத்தான் பார்ப்போமே என்று எழுந்தேன்.

வண்டியைக் கிளப்பிச் சூடாகும் வரை விட்டேன். அண்ணனுடைய இரட்டைக் குழாயை மாட்டப் பார்த்தால் அது என் தோட்டில் சிக்கிக்கொண்டு காதை இழுத்தது. எரிச்சலில் ஒரு குழாயை உருவி எடுத்து, அந்த ஒன்றை மட்டும் என் வலது காதில் பிடித்துக்கொண்டு, மறுமுனையை முன் கார்புரேட்டர் வாயில் வைத்தேன். காதே போய்விட்டது. ஹோவென்று ஒரே இரைச்சல். பின் கார்புரேட்டருக்குக் கொண்டுபோனேன். தூங்குகிற குழந்தையின் மூச்சு. இதையா ஒன்றாக இருக்கிறது என்றார்? ராத்திரியில் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும் என்றுதான் அப்போது நினைத்தேன். முன் ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்றுக் குறைத்தேன். பின் ஸ்க்ரூவை முக்கால் சுற்றுக் கூட்டினேன். குழாயை மாற்றி மாற்றி வைத்துக் கேட்டேன். ஒரு கட்டத்தில் எஞ்சின் உதறுவதை நிறுத்திவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்ட மாதிரி ஒரே சீராக ஓட ஆரம்பித்தது. என் டீ கிளாஸை எடுத்து மேலே வைத்தேன். டீ அசையவில்லை. தனியாக நின்று சிரித்தேன். உருவிய குழாயைப் பழையபடி மாட்டி வண்டியை அணைத்தேன், கிளாஸை மட்டும் அங்கேயே விட்டுவைத்தேன். அண்ணனிடம் எப்படிச் சொல்லி எவ்வளவு நேரம் கேலி செய்யலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே சோபா உறையை முடித்தேன்.

மாலையில் வந்தவர் சட்டையைக்கூட மாற்றாமல் வண்டியைக் கிளப்பினார். அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "ஏய்! ஏய், கேட்டியா? சரியாயிடுச்சு!" என்று பானெட்டைத் தட்டினார். நான் வாயைத் திறப்பதற்குள் இரட்டைக் குழாயை மாட்டிக்கொண்டு குனிந்தார். முகம் மாறியது.

"முன்னாடி இருக்கிறது செத்துக் கிடக்கே" என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

"அண்ணா, தொடாத. நான்தான் மதியம் வெச்சேன்."

"நீயா?"

"ஆமா. நல்லாத்தானே ஓடுது?"

"யாரைக் கேட்டுத் தொட்டே? சோபாவுக்கு உறை போடற வேலைன்னு நெனச்சியா? முன்னாடி பக்கம் மூச்சே இல்ல, நல்லா ஓடுதாம்!"

திட்டிக்கொண்டே முன் ஸ்க்ரூவைத் திறந்தார். எஞ்சின் உதற ஆரம்பித்தது. இன்னும் திறந்தார். மேலே இருந்த டீ கிளாஸ் கிடுகிடுவென்று நகர்ந்து விளிம்புக்கு வந்தது, நான் ஓடிப் பிடித்தேன். வண்டி முழுவதும் நடுங்குகிறது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, முகம் தெளிந்து, "ம். இப்ப ரெண்டும் ஒண்ணா இருக்கு" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று குழியும், சாப்பாட்டு மேஜையும், அண்ணியின் பாத்திரச் சத்தமும் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தன. என் கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. முதலில் முன் ஸ்க்ரூவை நான் மதியம் விட்ட இடத்துக்கே கொண்டு வந்தேன். எஞ்சின் அமைதியானது. அவர் தடுக்க வந்தார், "ஒரு நிமிஷம் சும்மா நில்லு" என்றேன். அவர் காதிலிருந்து அந்தக் குழாயைக் கழற்றி, அப்படியே திருப்பி, இடது காதில் இருந்ததை வலது காதிலும் வலது காதில் இருந்ததை இடது காதிலும் மாட்டினேன். கார்புரேட்டர் பக்கத்து முனைகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

"இப்பச் சொல்லு. எது செத்துக் கிடக்கு?"

அவர் கேட்டார். ரொம்ப நேரம் கேட்டார்.

"பின்னாடி இருக்கிறது" என்றார்.

தானே ஒரு தடவை குழாயைத் திருப்பி மாட்டினார். மறுபடி திருப்பினார். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு என் தையல் ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார். இடது காதை உள்ளங்கையால் மூடினார், எடுத்தார், மூடினார். வலது காதை அப்படி மூடிப் பார்த்தபோது கையை உடனே எடுத்துவிட்டார், சூடு பட்டவர் மாதிரி.

"எப்பலேருந்து இருக்கும்?" என்று என்னைக் கேட்டார்.

"கார் மிஸ் அடிச்ச நாள்லேருந்து" என்றேன். எனக்கு வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

எழுந்து காரைச் சுற்றி வந்தார். "இப்ப வண்டி சரியாத்தானே இருக்கு? சனிக்கிழமை ஊசி ஒரே எண்ணுல நிக்குமில்ல?"

"நிக்கும்."

"அப்ப இதை யார்கிட்டயும் சொல்லாத. அவகிட்டயும் சொல்லாத."

நான் தலையாட்டியிருக்கலாம். பாவம், அவருக்கு அந்தக் காதைத் தவிர வேறென்ன இருந்தது? ஆனால் அண்ணியின் பெயரை எடுத்ததும் என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை.

"அண்ணிகிட்ட ஏன் சொல்லக்கூடாது? அண்ணி உன்னைக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போயிட்டாங்க. ஒரே ஒரு நாள் அந்தக் காரை ஓட்டிப் பாக்கட்டுமான்னு என் முன்னாடியே மூணு தடவை கேட்டாங்க. நீ வாயைத் திறந்து முடியாதுன்னுகூடச் சொல்லல."

"எப்பக் கேட்டா?"

"சாப்பிடும்போதுதான். உன் பக்கத்துல உக்காந்து."

"எந்தப் பக்கம்?" என்றவர், நான் பதில் சொல்வதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் அண்ணன் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான். குழி வெறுமையாக இருந்ததற்கு வராதது இதற்கு வந்தது.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேஜையில் அவர் போய் எதிர்ப்பக்க நாற்காலியில் உட்கார்ந்தார். "என்ன புதுசா இடம் மாறுது?" என்றார் அண்ணி. "இங்க காத்து வருது" என்றார். அங்கே காற்றே வராது. அண்ணி அன்றைக்குச் சொன்ன ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. வேனில் ஒரு குழந்தை வாந்தி எடுத்த கதைக்குக்கூட, "அப்புறம் என்னாச்சு?" என்று கேட்டார். அண்ணி சந்தேகமாக என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை காலை அண்ணன் காரை வாசலுக்குக் கொண்டுவந்து, கூரையை மடித்துவிட்டு, இறங்கி நின்றார். இடது கதவைத் திறக்கப் போன அண்ணியிடம் சாவியை நீட்டினார்.

"நீ ஓட்டு."

அண்ணி சாவியைத் தொடவில்லை. "என்னங்க, உடம்பு சரியில்லையா?"

"இந்தக் காது போயிடுச்சு" என்று இடது காதைத் தொட்டுக் காட்டினார். "நீ இந்தப் பக்கம் உக்காந்து ஓட்டினா என் நல்ல காது உன் பக்கம் இருக்கும்."

அண்ணி அவரையே பார்த்தார். பிறகு மெதுவாக, "எத்தனை நாளா?" என்றார்.

"ஒண்ணரை வருஷம் இருக்கும். எனக்கே முந்தாநாள்தான் தெரியும்."

"அப்ப நான் கேட்டதெல்லாம்..."

"விழல."

"ஐயோ, நான் உங்களை எவ்வளவு திட்டினேன் தெரியுமா? பக்கத்துல உக்காந்துகிட்டே திட்டியிருக்கேன்!"

"அதுவும் விழல."

அண்ணி அழுகையும் சிரிப்புமாக முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சாவியை வாங்கினார். சீட்டை முன்னால் இழுத்தார், கண்ணாடியைத் திருப்பினார், பதினாறு வருஷப் பழக்கத்தில் பின்னால் குழந்தைகள் உட்கார்ந்துவிட்டார்களா என்று ஒரு தடவை திரும்பியும் பார்த்தார். அங்கே சீட்டே இல்லை. டூல் பையை எடுத்துக்கொண்டு நான் என் ஸ்கூட்டரில் பின்னாலேயே கிளம்பினேன்.

வாரியத்து முற்றத்தில் தோண்டுகிறவர்கள் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். இன்ஜினியர் மீட்டரை முதலில் முன் கார்புரேட்டரில் வைத்தார், பிறகு பின் கார்புரேட்டரில் வைத்தார். நம்பாமல் இன்னொரு தடவை வைத்தார். ஊசி மயிரளவும் மாறவில்லை. "காது, நீ ஜெயிச்சுட்டய்யா!" என்று அண்ணன் தோளில் தட்டினார். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். அண்ணன் அந்தக் கைதட்டல் முடியும் வரை பேசாமல் நின்றதை நான் பார்த்தேன். பேசாமலே இருந்துவிடுவாரோ என்று ஒரு கணம் நினைத்தேன். இருந்துவிட்டிருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன், சத்தியமாக.

"இது என் காது வெச்சது இல்ல சார்" என்றார். "என் தங்கச்சி காது. நான் வெச்சா வண்டி உதறுது. அந்த மூணு குழியும் மண்ணால இல்ல, லாரியால இல்ல. எனக்கு இடது பக்கம் கேக்கல."

இன்ஜினியர் மீட்டரைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். "திங்கட்கிழமை டாக்டரைப் பாருங்க. அதுக்கப்புறம் பேசிக்கலாம்" என்றார். வாங்க போங்க என்று அவர் அண்ணனிடம் பேசி நான் கேட்டது அப்போதுதான்.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இடது காதுக்கு மெல்லிய சத்தங்கள் திரும்பி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வலது காது நன்றாக இருக்கிறதாம். இப்போது அண்ணன் வாரத்தில் மூன்று நாள் தெருவிலும் இரண்டு நாள் புகார் சீட்டிலும் இருக்கிறார். கம்பி வலது காதுக்குப் போய்விட்டது, எழுதுவது இடது கையில். அவர் எழுதுவது அவருக்கே புரிவதில்லை. அவர் போடும் வட்டத்தை இன்னொருவர் கேட்டுப் பார்த்த பிறகுதான் தோண்டுகிறார்கள். அது அவருக்கு வலிக்கிறது. வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதன் பிறகு வெறும் குழி விழவில்லை.

நான் சொல்ல வந்தது அந்தச் சனிக்கிழமை திரும்பி வந்த வழியைப் பற்றி. அண்ணி நேராக வீட்டுக்கு வராமல் ஏரிக்கரைப் பக்கம் வண்டியைத் திருப்பினார். வேன் ஓட்டுகிறவர் இப்படி ஓட்டுவார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. என் ஸ்கூட்டர் பின்தங்கிவிட்டது. நடுவில் சிக்னலில் அவர்கள் நின்றதால்தான் எட்டிப் பிடித்தேன். காருக்கு இடது பக்கம், அண்ணனுக்கு ஒரு கை தூரத்தில் ஸ்கூட்டரை நிறுத்தினேன். அண்ணி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்றரை வருஷப் பாக்கி போல, நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் முழுக்க அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்து, தலையை ஆட்டி, பதில் சொல்லி, சிரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, டூல் பை என்கிட்ட இருக்கு, மெதுவாப் போங்க!" என்று கத்தினேன். திரும்பவில்லை. இன்னொரு தடவை கத்தினேன். பச்சை விளக்கு விழுந்தது, அண்ணி கியரைப் போட்டார், கார் ஒரு உதறல்கூட இல்லாமல் கிளம்பிப் போய்விட்டது. பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் என்னைப் பார்த்து, "கண்டுக்காமப் போறாரே" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. "அவருக்கு அந்தப் பக்கம் கேக்காதுங்க" என்றேன்.